சுரண்டல் சீட்டு

முதலில் திரும்பி வந்தது வலது கை.
பீல் நகரத்து மருத்துவமனை எழுதித் தந்த
வெள்ளை மாத்திரை, நாளுக்கு மூன்று.
பதினோராம் நாள் தேத்தண்ணிக் கோப்பை
தட்டிலிருந்து சத்தமில்லாமல் எழுந்தது.
தவமலர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.
சட்டைப் பொத்தான் அத்தனையும் கழற்றி
மறுபடி பூட்டிக் காட்டினேன்.

இரண்டாவதாக வந்ததை யாரும் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் கியொஸ்கில் தொங்கும் அந்தச் சீட்டுகளை
இருபத்தாறு வருடம்
வேறு யாருடையவோ குடையைப்போல் கடந்தவன் நான்.
ஒரு வியாழன், பேர்ன் ரயில் நாலு நிமிடம் பிந்தியது.
பொக்கெற்றில் ஐந்து பிராங்.
நகத்தால் சுரண்டினேன், சாம்பல் துகள் உதிர்ந்தது,
இருபது பிராங்.

இருபது பிராங் ஒரு காசா?
ஆனாலும் மண்டைக்குள் எங்கோ
யாரோ என் முழுப் பெயரையும்
பிழையில்லாமல் உச்சரித்தார்கள்.
இந்த நாட்டில் அது நடந்ததில்லை.

அதன்பின் எத்தனை தோற்றேன்?
எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும்.
வென்றதெல்லாம் பசுமரத்தாணி,
தோற்றதெல்லாம் எருமையின் முதுகில் மழை.
ஒரு குரல் வேண்டாம் என்றது, இல்லையென்று சொல்லவில்லை.
இந்த ஊர் ரயில் அறிவிப்பைப்போல்
இரண்டு மொழியிலும் சொன்னது.
கால் மூன்றாவது மொழியில் நடந்தது.

பங்குனியில் என் குளிர்கோட்டைத் துவைக்கக் கொடுக்கப்போன தவமலர்
உள்துணிக்குள் ஏதோ சரசரப்பதைக் கேட்டாள்.
கத்தவில்லை.
சாப்பாட்டு மேசையில் பத்துப் பத்தாக அடுக்கினாள்.
நாற்பத்தொரு அடுக்கு, மிச்சம் ஆறு.
எல்லாவற்றையும் மிக்ரோ பையில் போட்டு
டொக்டர் வூத்ரிச்சின் முன்னால் கொட்டினாள்.

டொக்டர் திடுக்கிடவில்லை.
அதுதான் எனக்குத் திடுக்.
ஒரு தாளில் கோடு இழுத்தார்.
எதிர்பார்த்ததைவிடக் கூடக் கிடைத்தால், இங்கே ஒரு துள்ளல்.
கிடைக்காமல் போனால், இங்கே ஒரு பள்ளம்.
அந்தப் பள்ளத்தில் இடறித்தான்
மூளை அடுத்த முறை வழி மாறும்.
உங்கள் மாத்திரை கையை நிறுத்துகிறது,
போகிற போக்கில் பள்ளத்தையும் நிரவிவிடுகிறது.
நெற்றிக்குப் பின்னால் நில் என்று சொல்லும் ஆள்
வேலைக்கு வந்துதான் இருக்கிறார்,
தோல்விச் செய்தி அவர் மேசைக்கு ஒழுங்காகப் போவதில்லை.

அப்போது கியொஸ்குக்கு நடந்தது நானா, மாத்திரையா?
நல்ல கேள்வி, என்றார்.
ஜெர்மன் மொழியில் நல்ல கேள்வி என்றால்
பதில் இல்லை என்று அர்த்தம்.

குறைக்கலாம், கை மறுபடி நடுங்கும்.
குறைக்காமலும் விடலாம்,
வங்கி அட்டையை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.
யோசித்து முடிவெடுங்கள் என்றார்கள்.
எதை வைத்து எடுப்பது?
எடுக்கும் கருவியைத்தானே
பழுது பார்க்கக் கொண்டுவந்திருக்கிறோம்?
தவமலர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்தான்,
அடித்து அடித்து, விரலால் அமுக்கிப் பார்த்து, மறுபடி அடித்தான்.
குறைக்கட்டும் என்றேன்.
சொன்னது எந்த நான் என்று
இன்றுவரை விசாரிக்கவில்லை.

நேற்று மறுபடி ஒன்று வாங்கினேன்.
மறைக்க ஒன்றுமில்லை.
கியொஸ்க் மரீஸ், கையாட்டத்தைப் பார்த்து
தானே சுரண்டித் தரவா என்றாள்.
வேண்டாம் என்று நானே சுரண்டினேன்,
நகம் கோட்டுக்கு வெளியே வெளியே ஓடியது.
ஒன்றுமில்லை.
ஐந்து பிராங்.
வயிற்றில் ஒரு படி குறைந்தது,
இருட்டில் மாடி இறங்குகையில்
இன்னும் ஒன்று இருக்கும் என்று வைத்த கால்போல.
பஸ் மட்ரெச் வரும்வரை வலித்தது.
இறங்கி வீட்டுக்கு ஏறும்போதும்
கொஞ்சம் வலித்தது.
அப்படி வலித்து ஒரு வருடமாகிறது.

தவமலருக்குச் சொன்னேன், காசையும், வலியையும்.
முதலாவதுக்கு முகம் சுளித்தாள்.
இரண்டாவதுக்கு எழுந்துபோய்
தேத்தண்ணி ஊற்றினாள்,
பாதிக் கோப்பைதான்.
தட்டில் அது தந்தி அடிக்கத் தொடங்கியது.